பாடுகிற பெட்டி

எங்கள் வீட்டுக்கு வந்த இயந்திரங்களில் இரண்டு இனம் உண்டு. பாடுகிறவை, அரைக்கிறவை. பாடுகிறவை எல்லாம் நைனாவுடையவை. முதலில் டிரான்சிஸ்டர், அப்புறம் டேப்ரிக்கார்டர், அப்புறம் டிவி. அரைக்கிறவை அம்மாவுடையவை. யாரும் உட்கார்ந்து இப்படிப் பங்கு பிரிக்கவில்லை. ஆனாலும் நைனா கடலுக்குப் போயிருக்கும்போதுகூட அம்மா ரேடியோவின் திருகைத் தொட்டு நான் பார்த்ததில்லை. நைனா சாகும்வரை மிக்சியைத் தொட்டதில்லை. மிக்சியிலும் ஒரு திருகு இருக்கிறதே மேடம் என்று என் மாணவி ஒருத்தி கேட்டாள். இருக்கிறது. அதைத் திருப்பினால் வேகம் மாறும். ரேடியோவின் திருகைத் திருப்பினால் ஊர் மாறும்.

எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் கிடக்கிற மணல் திட்டில் இருக்கிறது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி என்று, போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் எங்களை மனப்பாடம் செய்திருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வருகிறவர்கள் டச்சுக் கல்லறைத் தோட்டத்து வாசலில், எலும்புக்கூடு செதுக்கிய கற்களோடு படம் எடுத்துக்கொண்டு, நண்டு வறுவல் தின்றுவிட்டுப் போவார்கள். எல்லாரும் படம்தான் எடுக்கிறார்கள். எனக்கு இந்த இடத்தை நினைத்தால் முதலில் வருவது சத்தம். எஞ்சின் வைத்த ஃபைபர் படகின் கடகடப்பு, மகிமை மாதா கோயில் மணி, பள்ளிவாசல் பாங்கு, ஆடி மாதத்தில் அம்மன் கோயில் குழாய் ஸ்பீக்கர், ஏலம் விடுகிறவரின் கட்டைக்குரல், எல்லாவற்றுக்கும் அடியில் அலை. வருடத்தில் சில நாள் இவை அத்தனையையும் அமுக்கிக்கொண்டு வடக்கேயிருந்து ராக்கெட் சத்தம் வரும்.

ஸ்ரீஹரிகோட்டா எங்களுக்கு ஏரி வழியாக அண்டை வீடு. 1979 ஆகஸ்ட் 10 அன்று அங்கிருந்து முதன்முதலாக ஏவிய எஸ்.எல்.வி.-3, சில நிமிடங்களில் வங்கக் கடலில் விழுந்தது. நான் பிறந்ததும் அந்த வருடம்தான். நைனாவுக்குக் கோபம் வந்தால், “அந்த வருசம் மேல போனது எது உருப்பட்டுது” என்பார். அதே 1979இல்தான் ஜப்பானில் சோனி நிறுவனம் வாக்மேனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதை நான் தெரிந்துகொள்ள இருபது வருடம் ஆயிற்று. தெரிந்த பிறகு, ராக்கெட்டோடு சேர்த்து என்னை எண்ணுவதை விட்டுவிட்டு வாக்மேனோடு சேர்த்து எண்ணத் தொடங்கினேன். அதாவது உருப்பட்டதோடு.

ஏவுகிற நாளில் கடலுக்குள் போகக்கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். கடலுக்குப் போகாவிட்டால் மீன் இல்லை. ஆண்கள் வலையை விரித்துப்போட்டுப் பொத்தல் பார்த்துக்கொண்டே அரசியல் பேசுவார்கள். பெண்களுக்குக் கூடையில் வைக்க ஒன்றும் இருக்காது. தண்டல்காரன் மட்டும் வருவான். ராக்கெட் நாள் அவனுக்கு லீவு இல்லை. 2023 செப்டம்பர் 2 அன்று ஆதித்யா எல்-1 சூரியனைப் பார்க்கப் புறப்பட்டபோது நான் ஊரில் இருந்தேன். டிவியில் ராக்கெட் ஏறிச் சுமார் ஒன்றரை நிமிடம் கழித்துத்தான் அதன் சத்தம் எங்கள் ஜன்னலுக்கு வந்து சேரும். அந்த ஒன்றரை நிமிடம் வீடே காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும். அது முடிந்த பிறகு திட்டத்தின் இயக்குநர் பேசினார். செங்கோட்டையைச் சேர்ந்த நிகர் ஷாஜி. அம்மாவுக்குச் சூரியனும் தெரியவில்லை, ராக்கெட்டும் பெரிதாகப் படவில்லை. “அந்தம்மா பாரு, மைக்குக்கு முன்னால நின்னு எப்டி நிதானமாப் பேசுது” என்றாள்.

அம்மா சொன்னதன் அர்த்தம் எங்கள் ஊர்க்காரிகளுக்குப் புரியும். எங்கள் ஊரில் ஒரு மைக் இருக்கிறது. ஊர்க்கூட்டம், புயல் எச்சரிக்கை, வரி வசூல், தொலைந்துபோன ஆடு, எல்லாம் அதில்தான் சொல்வார்கள். நாற்பத்துச் சொச்சம் வருடத்தில் அதில் ஒரு பெண் பேசி நான் கேட்டதில்லை. அந்த மைக் சாதாரணப் பொருள் அல்ல. 2004 டிசம்பர் 26 அன்று புதுச்சேரிப் பக்கத்து நல்லவாடு என்ற மீனவ ஊரை அப்படி ஒரு ஒலிபெருக்கிதான் காப்பாற்றியது. சிங்கப்பூரில் வேலை செய்த அந்த ஊர் இளைஞர் செய்தியைப் பார்த்துவிட்டுப் போன் பண்ண, எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே வைத்திருந்த அறிவு மையத்தைத் திறந்து, அலை உயரம் சொல்ல வைத்திருந்த ஒலிபெருக்கியில் ஓடச் சொல்லி அறிவித்தார்கள். மூவாயிரத்து அறுநூறு பேருக்கு மேல் வசித்த ஊர் அது. அப்படியிருக்க, உயிரைக் காக்கிற கருவி ஒன்றை ஊரில் பாதிப்பேருக்கு இயக்கத் தெரியாமலே வைத்திருப்பது எந்த வகை புத்திசாலித்தனம் என்று எனக்குப் புரியவில்லை. பகலில் குப்பத்தில் இருப்பது யார்? பெண்களும் கிழங்கட்டைகளும் பிள்ளைகளும்தான். பாம்பனில் 2016இல் மீனவர்களுக்கென்றே கடல் ஓசை என்று ஒரு சமுதாய வானொலி தொடங்கினார்கள். அங்கே பெண்கள் அறிவிப்பாளர்களாக உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கள் ஊர் மைக் இன்னும் பஞ்சாயத்தார் அறைப் பூட்டுக்குள் இருக்கிறது.

நான் கேட்ட முதல் பெண் அறிவிப்பாளர் இந்தக் கரைக்காரர் அல்ல. நைனாவின் டிரான்சிஸ்டருக்குள் இருந்தவர். இலங்கை வானொலி எங்கள் கரையோரத்தில் நன்றாக எடுக்கும். கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீத் என்று ஆண்கள் சிலாகிப்பார்கள். எனக்கு ராஜேஸ்வரி சண்முகம். சாப்பிட வா, தண்ணி மொண்டு வா, அடுப்பைப் பாரு, தம்பியைத் தூக்கு என்று சொல்லாத ஒரு பெண்குரலை என் வாழ்க்கையில் முதலில் கேட்டது அதில்தான். அந்தக் குரல் யாருக்கும் வேலை வைக்கவில்லை. அவசரமும் படவில்லை. இன்று வகுப்பில் நின்று பேசும்போது என் உச்சரிப்பைக் கேட்டு ‘உங்களுக்குக் குப்பத்துப் பேச்சே வரலையே’ என்று சக ஆசிரியர்கள் பாராட்டுகிறார்கள். பாராட்டு என்றுதான் அவர்கள் நினைக்கிறார்கள். குப்பத்துப் பேச்சு எனக்கு நன்றாக வரும்; கோபம் வரும்போது அதுதான் வரும். ராஜேஸ்வரி சண்முகத்திடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவசரப்படாமல் பேசலாம் என்ற துணிச்சலை மட்டும்.

நெய்தல் திணையைப் பற்றித்தான் முனைவர் பட்டம் வாங்கினேன். வாங்கும்போது ஒரு புலம்பலை அடிக்கடி கேட்டேன். கரைவலை இழுக்கிறபோதும் துடுப்புப் போடுகிறபோதும் ஆண்கள் பாடிய அம்பாப் பாட்டை, 1980களில் வந்த எஞ்சின் கொன்றுவிட்டது என்பார்கள். உண்மைதான். எஞ்சின் சத்தத்துக்கு மேலே எவனாலும் பாட முடியாது. அதே மூச்சில், கிரைண்டர் வந்து பெண்களின் பாட்டைக் கொன்றுவிட்டது என்றும் சொல்வார்கள். சிலப்பதிகாரத்தின் வாழ்த்துக் காதையில் வள்ளைப்பாட்டு இருக்கிறது. குறிஞ்சிக்கலியில் தலைவியும் தோழியும் உலக்கை பிடித்துக்கொண்டு மாறிமாறிப் பாடுகிறார்கள். இரண்டாயிரம் வருடத்து மரபு ஒரு மோட்டாரால் அறுந்தது என்று கருத்தரங்கில் ஒருவர் தழுதழுத்தார். நான் ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா தோளைத் தடவிக்கொண்டே கேட்டாள்: “அவரு ஆட்டுக்கல்லு சுத்திக்கிறாரா?”

அதற்கு மேல் அந்த விவாதத்தில் எனக்கு ஒன்றும் இல்லை. தோள் வலித்ததால் பாடினார்கள். வலி நின்றது, பாட்டும் நின்றது. பாட்டு வேண்டுமென்றால் வலிக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் தங்கள் தோளைக் கொடுக்கட்டும். எனக்கு உறுத்துகிற கணக்கு வேறு. நைனாவின் டிரான்சிஸ்டர் எனக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட்டது. கலர் டிவி 2006இல் அரசு கொடுக்கத் தொடங்கியபோது வந்தது. மிக்சியும் கிரைண்டரும் 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லாப் பொருள் திட்டத்தில்தான் வந்தன. பாடுகிற பெட்டிக்கும் அரைக்கிற பெட்டிக்கும் நடுவில் எங்கள் வீட்டில் முப்பது வருடத்துக்கு மேல் இடைவெளி. இலவசம் என்று கேலி பேசுகிறவர்கள் இந்த முப்பது வருடத்தைக் கொஞ்சம் கூட்டிப் பார்க்கலாம். வசதி இல்லாததால் வாங்கவில்லை என்று சொல்லமுடியாது. நடுவில் இரண்டு டேப்ரிக்கார்டர் வாங்கினார் நைனா.

எனக்கென்று ஒரு பாடுகிற பெட்டி வந்தது, சென்னையில் விடுதியில் தங்கிப் படித்தபோது. அறைத்தோழி ஊருக்குப் போகும்போதெல்லாம் தன் வாக்மேனை என்னிடம் விட்டுப்போவாள். காதில் மாட்டிக்கொண்டு படுத்த முதல் ராத்திரி நான் தூங்கவில்லை. பாட்டின் இனிமை அதற்குக் காரணம் இல்லை. ஒரு பாட்டை நான் மட்டும் கேட்கிறேன், பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது தெரியாது என்பதுதான். பத்துக்குப் பத்து வீட்டில் ஆறு பேராக வளர்ந்தவளுக்கு அது கதவுள்ள அறை. இன்றைக்கும் பொன்னேரியிலிருந்து பழவேற்காட்டுக்குப் போகிற பேருந்தில் ஹெட்போன் மாட்டிக்கொள்வேன். கே.பி. சுந்தராம்பாள் கேட்பேன், கொல்லங்குடி கருப்பாயி கேட்பேன், சில நாள் எதுவும் ஓடாது, வெறுமே மாட்டியிருப்பேன். பக்கத்து இருக்கை ஆண் காதில் மாட்டியிருந்தால் பாட்டுக் கேட்கிறான். பெண் மாட்டியிருந்தால் யாரிடமோ பேசுகிறாள். இது பேருந்துகளின் எழுதாத சட்டம். நாற்பது வயதுக்கு மேல், கையில் விடைத்தாள் கட்டு இருந்தாலும், இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு இல்லை.

வருடா வருடம் கானல்வரி நடத்துகிறேன். இந்திரவிழா முடிந்து புகார்க் கடற்கரையில் கோவலனும் மாதவியும் உட்கார்ந்திருக்கிறார்கள். மாதவி யாழைச் சுருதி கூட்டி அவன் கையில் கொடுக்கிறாள். முதலில் அவன்தான் பாடுகிறான், வேறொருத்தியை மனதில் வைத்தவன்போல. அவள் அதைக் கேட்டு, நானும் உனக்குச் சளைத்தவள் இல்லை என்பதுபோல யாழை வாங்கிப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். இரண்டு பேரும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள். ஒரே யாழ், ஒரே கரை, ஒரே மாலைநேரம். அவன் பாடியதற்கு அவள் பதில் பாட்டுப் பாடினாள். அவள் பாடியதற்கு அவன் வீட்டைவிட்டே போனான்.

இதை நடத்தி முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “ஸ்டேட்டஸ் பாத்துட்டுக் கிளம்பிட்டான் மேடம்” என்றாள். வகுப்பே சிரித்தது. சிரிக்காமல் இருந்தவள் ஒருத்தி. எங்கள் ஏரிக்கரைக் குப்பத்துப் பெண்தான். இரண்டு வாரத்துக்கு முன்பு வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் முப்பது நொடி சினிமாப் பாட்டு வைத்திருக்கிறாள். காதல் பாட்டு. தமிழ் சினிமாவில் வேறு பாட்டுக்கு எங்கே போவது? அண்ணன்காரன், “யாருக்கு வெச்ச இத?” என்று கேட்டிருக்கிறான். யாருக்கும் இல்லை, பாட்டு நல்லாயிருந்தது என்றது பதிலாக எடுபடவில்லை. போன் அண்ணனிடம் போய்விட்டது. எங்கள் கல்லூரியில் தேர்வுக் கட்டணம் கட்டக் கடைசித் தேதியிலிருந்து உள்மதிப்பீட்டுத் தாள்வரை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில்தான் வருகிறது. முப்பது நொடிப் பாட்டுக்கு ஒரு பருவத்தேர்வு போயிருக்கும். தோழி ஒருத்தி சொல்லித்தான் அவளுக்குக் கட்டணத் தேதியே தெரிந்தது. அன்றிலிருந்து என் வகுப்புக்கான அறிவிப்பு எல்லாவற்றையும் கரும்பலகையிலும் எழுதிப்போடுகிறேன். துறையில் சிலர் பழைய காலத்து ஆள் என்கிறார்கள். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தானே பயன்படுத்துகிற கைப்பேசி வைத்திருக்கும் இந்தியப் பெண்கள் 54 விழுக்காடு. ‘தானே பயன்படுத்துகிற’ என்ற சொல்லை யார் சேர்த்தார்களோ, அவர்களுக்கு வீடு என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. ஆனால் அந்த 54க்குள்ளும், ஒரு பாட்டு வைத்தால் பறிபோகிற போன் எத்தனை என்று எந்தக் கேள்வித்தாளும் கேட்பதில்லை.

கோவலன் பிரிந்ததற்குக் காரணம் கேட்டு உள்தேர்வில் ஒரு வினா வைத்தேன். விதி, யாழ் என்று எல்லாரும் இளங்கோ சொன்னதைத் திருப்பி எழுதினார்கள். அந்தப் பெண், “யாழ் காரணமில்லை, விதியும் காரணமில்லை, கேட்டவன் காதுதான் காரணம்” என்று எழுதியிருந்தாள். முழு மதிப்பெண் போட்டேன்.

எங்கள் ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை இருக்கிறது. ஆய்வாளர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து எழுதியிருக்கிறார்கள். ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை கட்டுவது என்று ஊர்களும் ஆட்களும் முறைவைத்துப் பிரித்துக்கொள்வது. சண்டை வராமல், மீனும் தீராமல் காக்கிற நல்ல ஏற்பாடு என்று புகழ்வார்கள். புகழட்டும், பெரும்பாலும் உண்மைதான். ஆனால் பாட்டில் பங்கு ஆணுக்குத்தான். பெண்ணுக்கு வேறு பாடு. இறங்கி மீன் பிடிக்கிற பெண்களும் இந்த ஏரியில் இருக்கிறார்கள், இருளர் பெண்கள். கழுத்தளவு உடம்பைத் தண்ணீரில் வைத்து, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலையில் இருப்பதால் ஓலையில் முடைந்த பறியைப் பல்லில் கவ்விக்கொள்வார்கள். அம்பாப் பாட்டுத் தொகுப்புகளைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு அவர்கள் நினைவு வரும். பல்லில் பறி இருக்கும்போது பாட முடியாது. அவர்கள் தொழிலுக்குப் பாட்டு இல்லை என்று யாராவது எழுதினால் இதையும் சேர்த்து எழுத வேண்டும்.

என் அத்தை மீன் விற்கிறவள். ஏலத்தில் எடுத்து, கூடையில் பொன்னேரிச் சந்தைக்குக் கொண்டுபோவாள். மடவை, கிழங்கான், நல்ல நாளில் கொடுவா. இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் கூடைக்குப் பக்கத்தில் ஒரு கட்டம்போட்ட அட்டையும் சின்னப் பெட்டி ஒன்றும் வந்தன. போனில் பணம் போட்டால் பெட்டி தமிழில் பேசும். இருநூறு ரூபாய் வந்தது, நூற்றைம்பது ரூபாய் வந்தது. பெண் குரல். அத்தைக்கு அந்தப் பெட்டிமேல் பெரிய ஆசை. துணியால் செதிலைத் துடைத்துத் துடைத்து வைப்பாள். “நாலு பேரு காதுல வுழற மாதிரி என் துட்ட சொல்லுது பாரு” என்பாள். ஆயுசில் அவள் சம்பாதித்ததை யாரும் சத்தமாகச் சொன்னதில்லை.

பெட்டி சொன்ன பணம் மகன் கணக்குக்குப் போய்க்கொண்டிருந்தது. அட்டையை வாங்கிக் கொடுத்தவன் அவன், போன் எண் அவனுடையது. சாயங்காலம் அத்தை வெறும் கூடையோடு வருவாள். விடியற்காலை மூன்று மணிக்கு ஏலத்துக்கு முதல் வேண்டுமென்றால் தூங்குகிறவனை எழுப்பிக் கேட்க வேண்டும். அவன் கெட்டவன் இல்லை. கேட்டால் கொடுப்பான், என்ன செலவு என்று கேட்டுவிட்டுக் கொடுப்பான். அதுவரை சுருக்குப்பையில் துட்டு வைத்திருந்தவளுக்கு அந்தக் கேள்வி பழக்கமில்லை. புதிதாய் ஒரு தொழில்நுட்பம் வந்து, அறுபது வயதில் அவளைக் கைநீட்டுகிறவளாக்கிவிட்டது. ஒரு மாதம் பொறுத்தாள். அப்புறம் ஒருநாள் சந்தையில் அட்டையைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நண்டை அடுக்கி வைத்துவிட்டாள். ஸ்கேன் பண்ண வந்தவர்களிடம், “மிஷினு ரிப்பேரு, சில்றையா குடு” என்றாள். பிறகு மகளிர் குழுப் பெண்ணொருத்தி உதவியோடு, குழுவுக்காக எப்போதோ தொடங்கிய அத்தையின் சொந்தக் கணக்கிலேயே வேறொரு அட்டை வாங்கினோம். இப்போது பெட்டி மறுபடி பேசுகிறது. அத்தை அதன் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறாள், மகன் பக்கத்தில் நிற்கிற நாட்களில்.

இனி அம்மாவின் பாட்டு. என் அம்மா ஒப்பாரி பாடுகிறவள். கூலிக்கு இல்லை, சாவு விழுந்தால் சுற்றுவட்டத்துக் குப்பங்களிலிருந்து ஆள் அனுப்புவார்கள். செத்தவரை அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாசலில் நுழையும்போது அங்கே இருக்கிறவளிடம் இரண்டு கேள்வி கேட்பாள். எத்தனை பிள்ளை, கடன் இருந்ததா. அது போதும். புறநானூற்றின் 194ஆம் பாட்டில் ஒரு வீட்டில் சாவுப்பறையும் இன்னொரு வீட்டில் கல்யாண முழவும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அந்தச் சாவுப்பறைக்குப் பெயர் நெய்தல். கடற்கரைக்கும் சாவுமேளத்துக்கும் ஒரே பெயர் எப்படி வந்தது என்று ஆய்வுக்காலத்தில் மண்டையை உடைத்துக்கொண்டேன். அம்மாவுக்கு அதில் ஆச்சரியமே இல்லை. “பின்ன வேற இன்னா பேரு வெப்பாங்க?”

ஆய்வுக்காகப் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று அப்போதே கேட்டேன். முடியாது என்றாள். செத்தவங்களுக்காகப் பாடறத உசுரோட கீறவங்க எதுக்கு வெச்சிக்கணும் என்றாள். வற்புறுத்தவில்லை. என் ஆய்வேட்டில் எழுபத்திரண்டு ஒப்பாரிகள் இருக்கின்றன, அம்மாவுடையது ஒன்றும் இல்லை. நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டார்கள். பாடியவர் அனுமதிக்கவில்லை என்றேன். அந்தப் பாடியவர் யார் என்று சொல்லவில்லை.

மூன்று வருடத்துக்கு முன்பு ஒரு சாவுவீட்டில் ஒரு பையன் அம்மா பாடுவதைப் போனில் எடுத்திருக்கிறான். மார்பில் அடித்துக்கொண்டு, முடி அவிழ்ந்து. அதைச் சுருக்கி வெட்டி, பின்னால் சிரிப்புச் சத்தமும் தடதடக்கிற இசையும் சேர்த்து ரீல்ஸாகப் போட்டுவிட்டான். கிரிக்கெட்டில் தோற்றதற்கு அழுகிற மாதிரி ஒரு தலைப்பு. அது எங்கெங்கோ சுற்றி என் மாணவன் ஒருவன் போனில் எனக்கு முன்னால் வந்தது. அவனுக்கு அது என் அம்மா என்று தெரியாது. கொல்லங்குடி கருப்பாயியைச் சினிமா கண்டுபிடிப்பதற்கு முன்பே வானொலி கண்டுபிடித்தது. அது அவர் பெயரைச் சொல்லித்தான் பாட வைத்தது. என் அம்மாவின் குரலை எத்தனை ஆயிரம் பேர் கேட்டார்களோ, அதில் ஒருவருக்கும் பெயர் தெரியாது.

ஊர்ப் பஞ்சாயத்தில் சொன்னோம். பையனைக் கூப்பிட்டு அழிக்கச் சொன்னார்கள், அழித்தான். அழித்தது அவன் போட்டதை மட்டும். மற்றவர்கள் எடுத்துப் போட்டதை எந்தப் பஞ்சாயத்து அழிக்கும்? ஒரு பெரியவர், “பேமஸ் ஆயிட்டியேமா” என்று சிரித்தார். அம்மா பதில் சொல்லாமல் வந்துவிட்டாள். அடுத்த இரண்டு சாவுக்கு ஆள் வந்தும் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லச் சொன்னாள். குப்பத்தில் சிலர் பென் டிரைவில் ஒப்பாரி வைத்திருந்தார்கள், சவுண்டு பாக்ஸில் அதைப் போட்டார்கள். ‘அப்பா’ என்று அழுகிற பாட்டு, செத்தது ஒரு ஆயா.

மூன்றாவது சாவு அம்மாவோடு நாற்பது வருடம் ஒரே ஏலத்தில் மீன் எடுத்தவள். அம்மா போனாள். வாசலில் நின்று, “செல்லு வெச்சிருக்கறவங்க எல்லாம் இதுல போடுங்க” என்று ஒரு அன்னக்கூடையைக் கீழே வைத்தாள். யாரும் அசையவில்லை. நான் என்னுடையதைப் போட்டேன். அப்புறம் செத்தவளின் மகள் போட்டாள். அதற்குப் பிறகு பெண்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். ஆண்களில் சிலர் வெளியே போய் நின்றுகொண்டார்கள், கொடுக்க மனமில்லாமல். கூடையின்மேல் ஈரச் சாக்கைப் போட்டு மூடினாள், மீனுக்கு மூடுவது மாதிரியே. அம்மா பாடிய ஒரு மணி நேரமும் சாக்குக்கடியில் போன்கள் அடித்துக்கொண்டிருந்தன. இளையராஜா, ரகுமான், சுப்ரபாதம், அல்லேலூயா, ஒரு குழந்தைச் சிரிப்பு. அம்மா அதற்கெல்லாம் நிறுத்தவில்லை. ஒரு தடவை ஒரு ரிங்டோன் அவளுடைய சுருதியிலேயே வந்துவிட, பக்கத்திலிருந்தவளுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. இப்போது எந்தக் குப்பத்திலிருந்து ஆள் வந்தாலும் அம்மா, “கூட கீதா?” என்று கேட்டுவிட்டுத்தான் கிளம்புகிறாள்.

நைனா 2018இல் போனார். அவருக்கு அம்மா ஒப்பாரி வைக்கவில்லை. ஏன் என்று ஊரே கேட்டது. நான் கேட்கவில்லை. அடுத்த வருடம் அவளுக்கு ஒரு கார்வான் வாங்கிக் கொடுத்தேன், ஐயாயிரம் பழைய பாட்டு ஏற்றி வைத்தது. ஒரு வாரம் கேட்டாள். பிறகு அதில் இருக்கிற எஃப்எம்மை மட்டும் போட்டுக்கொள்கிறாள். ஐயாயிரம் பாட்டும் எவனோ பொறுக்கி வைத்தது, அடுத்து என்ன வருமென்று தெரிந்துபோகிறது என்பது அவள் புகார். எஃப்எம்மில் பாடுவதும் எவனோ பொறுக்கியதுதான் என்று சொன்னேன். “அது அவனுக்கே தெரியாத மாதிரி வருது” என்றாள். திருகை அவளே திருப்புகிறாள். அடிக்கடி திருப்புகிறாள், தேவைக்கு மேலேயே.

வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பவும் கற்றுக்கொண்டுவிட்டாள். ஏரிக்கு அக்கரையில் இருக்கிறவளைக் கூப்பிடுவதுபோல அதில் கத்துவாள். வகுப்பில் இருக்கும்போது வந்தால் திறக்கவே முடியாது. நேற்று ராத்திரி வந்தது இது: “இன்னா, ரெண்டு நாளா சத்தத்தக் காணோம்? மடவை வெல ஏறிப்போச்சி, உங்க அத்த ஒரு கூட எடுத்துச்சி. கருவாடு போட்டு வெச்சிக்கிறேன், ஞாயித்துக்கெழம வந்து எடுத்துக்கினு போ. இரு, கரண்டு பூட்ச்சி.” அதற்குப் பிறகும் இருபது நொடி ஓடுகிறது, பொத்தானிலிருந்து விரலை எடுக்கவில்லை. தீப்பெட்டி தேடுகிற சத்தம், அலை, அதற்குப் பின்னால் பேட்டரியில் ஓடுகிற எஃப்எம்மில் ஒரு பாட்டு. என்ன பாட்டு என்று இரண்டு மூன்று தடவை போட்டுக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை.